மச்சாள் இருந்த கதிரை

பொறாமை என்பது சின்ன வயதில் வந்து ஆறிப்போகிற சிரங்கு என்று நம் வயதுக்காரர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் போயிற்று, பல்லில் பாதி போயிற்று, அது மட்டும் போகவில்லை. உங்களிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? என்னோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து வாய்ப்பாடு பாடமாக்கியவர்கள்தானே நீங்கள். நான் பொறாமைப்பட்டது சட்டைக்கோ சங்கிலிக்கோ அல்ல. யன்னலோரம் போட்டிருந்த ஒரு கதிரைக்கு. அந்தக் கதிரையில் இருந்த என் மச்சாளுக்கு.

நாம் பிள்ளைகளாக இருந்த காலத்தில் நம் வீடுகளில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்த முகம் என்றால் அது செத்தவரின் முகம். ஆள் போன பிறகுதான் படம் வரும். எங்கோ பெட்டிக்குள் கிடந்த அடையாள அட்டைப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்தால், அவர்கள் அதைப் பெரிதாக்கி, இல்லாத கோட்டையும் போட்டு, கன்னத்தில் கொஞ்சம் ரோசா நிறமும் தடவித் தருவார்கள். என் பெரியப்பா உயிரோடு இருந்தபோது மேல்சட்டை போட்டதை யாரும் கண்டதில்லை. சுவரில் அவர் கோட்டும் ரையுமாக நின்றார். “சாகாட்டி இந்தக் கோட்டு கிடைச்சிருக்குமா இந்த மனிசனுக்கு?” என்று மாலை மாற்றும்போதெல்லாம் பெரியம்மா கேட்பாள்.

அப்படியான ஊரில், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற ஒரு காலம் முழுவதும், எங்கள் அம்மா உயிரோடு இருக்கிற ஆளை முன்னால் இருத்தி, பார்த்துப் பார்த்து எண்ணெய்ச் சாயத்தில் முகம் வரையப் பழகினாள்.

அது தொடங்கியது ஒரு விரலால். அலுமாரிக் கதவு இறுகிப்போனதால் அம்மா ஒரு சனிக்கிழமை பறங்கித் தெருவிலிருந்த தச்சுப் பட்டறைக்குப் போனாள். நானும் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் சீவுளியோடு நின்றார். அவருக்குப் பின்னால் மாமரத்தின் கீழே, கால் வைத்த சட்டமொன்றில் சாய்த்திருந்த சீலையில் அவரே மறுபடியும் நின்றார். அதே நரைத்த கிருதா, அதே கோணல் மூக்கு, புருவத்தில் அதே மரத்தூள்.

“இதென்ன, ஆள் உயிரோட இருக்கக்குள்ள!” என்று சொல்லிக்கொண்டே அம்மா கிட்டப் போய், படத்தின் கன்னத்தைச் சுட்டுவிரலால் தொட்டாள். விரல் உள்ளே போயிற்று. சாயம் காயவில்லை. படத்தில் இருந்தவரின் கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. அவருடைய கன்னம் அம்மாவின் விரல் நுனியில் ஒட்டியிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மகள் ஓடிவந்தார். கொழும்பில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர், அம்மாவை விட இளையவர், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கவுண், கையெல்லாம் சாயம். நாங்கள் பிறகு பறங்கி மிஸ் என்று கூப்பிட்டது அவரைத்தான். ஏசப்போகிறார் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். மிஸ் படத்தைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“அக்கா, எங்கட டடாட கன்னத்தில குழி விழுத்திப்போட்டீங்க. இப்பதான் ஆளுக்கு வடிவு வந்திருக்கு. ஆனா அதை நீங்கதான் அடைக்க வேணும். இந்தாங்க.”

கையில் தூரிகையைக் கொடுத்தார். அம்மா வெட்கத்தில் வியர்த்துக்கொண்டு அடைத்தாள். பட்டறைக்காரரைப் பார்க்கிறதும், சாயத்தைத் தொடுகிறதும், மறுபடி பார்க்கிறதுமாக. முடிந்ததும் மிஸ் சிரிக்கவில்லை.

“முதல்ல எங்க பழகினீங்க?”

“நான் எங்க பழகின? பூத்தையல் போடுவன், அவ்வளவுதான்.”

“வாற சனிக்கிழமை வாங்க. இன்னும் சில பேர் வாறாங்க.”

அலுமாரி மறந்துபோயிற்று. அந்தக் கதவு கடைசிவரை இறுகியே இருந்தது.

அம்மா பழகியதை நான் மணமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். கோதுமை மாச் சாக்கைப் பிரித்துத் துவைத்து, மரச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, அதன்மேல் வச்சிரப் பசையைக் காய்ச்சிப் பூசுவாள். தச்சர் மரம் ஒட்டுகிற அந்தப் பசைக்குத் தோல் வேகிற வாடை. வச்சிரம் காய்ச்சினால் ஒழுங்கை நாய்கள் எல்லாம் எங்கள் படலையில் வந்து வரிசையாக நிற்கும். பிறகு சாயம் கரைக்கிற ரர்பன்ரைன், ஆளிவிதை எண்ணெய். ஒரு நாள் அப்பா சோற்றுக் கோப்பையைத் தூக்கி மோந்து பார்த்தார்.

“இஞ்ச பாரு, கறியில ரர்பன்ரைன் மணக்குது.”

“கறியைத் தின்னுங்க, மணத்தை விடுங்க.”

அது வெளிநாட்டுச் சாமான் வராத காலம். மிஸ் தன்னிடமிருந்த சாயக் குழாய்களைத்தான் பங்கிட்டுக் கொடுத்தார். வெள்ளை, கறுப்பு, காவி மஞ்சள், சிவப்பு. நீலம் இல்லை. நீலமில்லாமல் எதைக் கீறுவது என்று நான் கேட்டேன். “முகத்தில ஆருக்கு மகள் நீலம்?” என்றாள் அம்மா. ஆனால் கறுப்பையும் வெள்ளையையும் குழைத்துக் காவிக்குப் பக்கத்தில் வைத்தபோது அது நீலமாகவே நின்றது. அம்மாவே பயந்துபோய்த் தூரிகையை முகர்ந்து பார்த்தாள்.

சாடிகளும் பூசணிக்காய்களும் கீறி முடிந்து, இனி முகம் என்று மிஸ் சொன்னதும் வந்தது வில்லங்கம். யார் இருப்பது? பெரியம்மா படலைக்கு வெளியிலேயே நின்று சொன்னாள், “எனக்கும் கோட்டுப் போடப்போறியா? நான் இன்னும் போகல்லகா.” மீன் கொண்டுவரும் தோணிக்காரர் மனமிரங்கிக் கூடையை இறக்கிவிட்டு இருந்தார். கழுத்தும் ஒரு தோளும் வந்த நேரத்தில், “நான் இருப்பன் தங்கச்சி, மீன் இருக்குமா?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். அப்பா இருந்தவுடனேயே நித்திரையாகிவிட்டார். அம்மாவும் அவருடைய மூடிய கண்களை அப்படியே கீறினாள். அதைக் கண்ட பெரியம்மா ஐயோ என்று வைத்த சத்தத்தில் அப்பா விழுந்தடித்து எழும்பியவர், பிறகு அந்தக் கதிரைப் பக்கம் போகவே இல்லை.

நான் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

“நான் இருக்கன் அம்மா.”

அம்மா தூரிகை துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. “நீயா? ஒரு நிமிசம் சும்மா இருக்கமாட்டாய் நீ.”

சரி, பழகிக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாவிக்கரையில் தாழங்கன்று ஓரமாக, கொக்கு நிற்கிற மாதிரி ஆடாமல் அசையாமல் இருப்பேன். முசுறு கடித்தாலும் கையை எடுக்கமாட்டேன். ஒரு நாள் இரண்டு காலும் தடித்துப்போய் வீட்டுக்கு வந்து, “பாருங்க, இவ்வளவு கடிச்சும் நான் அசையல்ல” என்று காட்டினேன். அம்மா காலைத்தான் பார்த்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள். “பைத்தியம்” என்றாள். அடுத்த நாள் அந்தக் கதிரையில் மச்சாளைக் கொண்டுவந்து இருத்தினாள்.

மச்சாள் என்றால் அப்பாவின் அக்கா மகள். அவர்களுக்கு வவுணதீவுப் பக்கம் வயல். பள்ளிக்கூடத்துக்காக எங்கள் வீட்டில் நின்று படித்தாள், என்னிலும் ஒரு வகுப்பு மூப்பு. வடிவு என்று நான் சொல்லமாட்டேன். ஊர் சொன்னது. நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. நான் பிறந்த அன்றே அந்த வீடு எனக்கு என்றாகிவிட்டது. வளவும் கிணறும் இரண்டு தென்னையும் எனக்கு. நடு அறையில், நல்ல வெளிச்சத்தில், என் வீட்டுக் கதிரையில் இருக்கிறவள் மட்டும் அவள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, மேற்கு யன்னலால் வெயில் சரிந்து விழுகிற நேரத்தில் தொடங்குவார்கள். கச்சான் காற்று யன்னற் சீலையை அடிக்கும். மணல் பறந்து வந்து ஈரச் சாயத்தில் ஒட்டும். அம்மா அதை ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுப்பாள். பிறகு தூரிகைக் காம்பை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மச்சாளின் நெற்றியை அளப்பாள், மூக்கை அளப்பாள். இரண்டு கண்ணையும் சுருக்கிப் பார்ப்பாள். கண்ணைச் சுருக்கினால் முகத்தில் சின்னச் சின்னதெல்லாம் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்குமாம். அது மிஸ் சொல்லிக் கொடுத்தது. அப்புறம் கண்ணை அகலத் திறந்து பார்ப்பாள்.

அந்தப் பார்வையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? நம் தாய்மார் நம்மை எப்போது பார்த்தார்கள்? பேன் பார்த்தார்கள், காய்ச்சலா என்று பார்த்தார்கள், சோறு மிச்சம் விட்டோமா என்று பார்த்தார்கள். இது வேறு. பசித்தவள் சோற்றைப் பார்க்கிற மாதிரி, ஒரு மனுசியை ஒரு மனுசி பார்க்கிறது. நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று, அம்மா மச்சாளைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரியும்.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. பார்த்ததை வாயால் வேறு சொல்வாள். “மருமகள், உன்ர காதுக்குள்ளால வெயில் வருதுகா. செவ்வரத்தம் பூ மாதிரி.” இன்னொரு நாள், “அசையாத, நாடிக்குக் கீழ ஒரு பச்சை நிக்குது, அதைப் பிடிக்கட்டும்.” நான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். என் நாடிக்குக் கீழே, மோவாய் மடிப்பில், பச்சை இருக்கிறதா என்று கழுத்து நோகத் தேடினேன். ஊத்தை இருந்தது.

அவளைப் பயப்படுத்தலாம் என்று ஒரு நாள் பாயில் படுத்திருக்கும்போது சொன்னேன். “உனக்குத் தெரியுமா மச்சாள்? அம்மா கீறக் கீற, உன்ர நிறமெல்லாம் அந்தப் படத்துக்குள்ள போயிரும்.”

மச்சாள் எழும்பி இருந்தாள். “மெய்யாவா?”

“மெய்தான். மிஸ்ஸே சொன்னவ.”

“அப்ப நான் வெள்ளையாயிருவனா?”

நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அடுத்த நாள் அவள் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தாள். எழும்பின கையோடு கையை வெயிலில் நீட்டி, நிறம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். “கொஞ்சம் வெளுத்திருக்கு என்ன?” என்று என்னையே கேட்டாள்.

வைகாசி பிறந்து அம்மன் கோயில் சடங்கு தொடங்கியது. உடுக்குச் சத்தம் ஒழுங்கைக்கு ஒழுங்கை கேட்டது. கதிரையில் இருந்த மச்சாளுக்கு உடம்பு அங்கே இருந்தது, காது கோயிலில். அம்மா சாயம் குழைக்கக் குசினிப் பக்கம் போன நேரம் அவள் என் கையைப் பிடித்தாள்.

“மச்சாள், நீ இரியன்.”

“நானா? அம்மா விடமாட்டா.”

“மாமி கண்ணைச் சுருக்கிச் சுருக்கித்தானே பார்க்கிறா. அவவுக்கு எங்க தெரியப்போகுது? வெளிச்சம் விழுந்தா காணும் அவவுக்கு.”

சட்டையை மாற்றினோம். பின்னலை அவிழ்த்து அவளுடையதைப் போல முன்னால் விட்டேன். யன்னல் பக்கம் பாதி முகம் திருப்பி இருந்தேன். அவள் பின்படலையால் ஓடிவிட்டாள். கதிரையில் அவளுடைய சூடு இன்னும் இருந்தது.

அம்மா வந்தாள். கண்ணைச் சுருக்கினாள். தூரிகை சீலையில் உரசுகிற சத்தம் கேட்டது. மறுபடி என் பக்கம், மறுபடி சீலை. கடைக்கண்ணால் பார்த்தேன். அந்தப் பார்வை, அதே பார்வை, என் நெற்றியில் விழுந்தது. என் மூக்கில், என் கன்னத்தில் விழுந்தது. உள்ளங்கால் வரை எனக்குக் குளிர்ந்தது. இப்படியே பொழுது பட்டுப்போகட்டும் என்று அம்மனைக் கேட்டேன்.

பிறகு அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

பாம்பைக் கண்டவள் மாதிரி முகத்தை மறுபக்கம் திருப்பினாள். தூரிகை நிலத்தில் விழுந்தது. குசினிக்குள் ஓடினாள். செத்தல் மிளகாயும் உப்பும் ஒழுங்கை மண்ணும் கையில் பொத்திக்கொண்டு வந்து, முகத்தைப் பாராமலே என் தலையைச் சுற்றிச் சுற்றி எடுத்து, தூ தூ என்று துப்பச் சொல்லி, கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். வீடு முழுக்கக் காறல். நானும் இருமினேன், அம்மாவும் இருமினாள். இருமி இருமிக் கண்ணீர் வடிய, “நல்லாக் காறுது, அம்மாளே, நல்லாக் காறுது” என்று அவள் சந்தோசப்பட்டாள். கண்ணூறு பட்டிருந்தால் மிளகாய் எரிந்தாலும் காறாதாம். எனக்கு அது தெரியும். யாருடைய கண் என்றுதான் தெரியவில்லை. வீட்டில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை.

“இனி அந்தக் கதிரைப் பக்கம் போனாயெண்டா காலை முறிப்பன்” என்றாள். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மச்சாள் கோயிலால் வந்து, நான் அழுவதைப் பார்த்துவிட்டு, கோயிலடியில் வாங்கிய கச்சான் கடலையை எனக்கு நீட்டியபடி சொன்னாள். “உன்ர அம்மாட கண் உனக்கு ஆகாது. ஊருக்கே தெரியும். உனக்கு முதல் ஒரு அண்ணன் பிறந்தவன்தானே? பல்லு முளைக்க முதல் செத்துப்போனானே, அவன்தான். அவன் நித்திரை கொள்ளக்குள்ள மாமி விடிய விடியப் பார்த்துக்கொண்டே இருப்பாவாம். பார்த்துப் பார்த்தே பிள்ளையை முடிச்சிட்டா எண்டு எங்கட அம்மா ஆக்கள் எல்லாம் சொன்னவங்க. அதுக்குப் பிறகுதான் உன்னைப் பார்க்கிறல்ல.”

“உன்னைப் பார்க்கிறாவே?”

“தாய்வழியாத்தானே நமக்குக் குடி, நான் அவவுக்கு வேற குடி. அவட கண் எனக்குப் படாதாம்.” கச்சானை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். “உனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியுமே.”

அம்மாவின் அன்பு அப்போதே எனக்குப் புரிந்து நெஞ்சு உருகியது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நான் ஒன்பது வயதுப் பிள்ளை. எனக்கு வந்ததும் பொறாமைதான். இவ்வளவு நாளும் மச்சாள் ஒருத்திதான் என்றிருந்தேன். இப்போது, முகமே தெரியாத, பல்லு முளைக்காத அந்த அண்ணன்மேலும் வந்தது. விடிய விடியப் பார்த்தாளாமே அவனை!

அந்தக் கிழமை மிஸ் எங்கள் வீட்டுக்கே வந்தார். அவருடைய வகுப்புப் பெண்களின் படங்களை மண்டபத்தில் வைத்து ஊருக்குக் காட்டப்போவதாகவும், அம்மாவினது எந்த மட்டில் நிற்கிறது என்று பார்க்க வந்ததாகவும் சொன்னார். நான் ஆள் மாறி இருந்த அன்று வைத்த சாயத்தை அம்மா உடனேயே துடைத்துவிட்டு, மச்சாளை மறுபடி இருத்தி வேலையை முடித்திருந்தாள். முடியும்வரை எங்கள் யாருக்கும் காட்டாமல் படத்தின்மேல் போட்டிருந்த சீலையை விலக்கினாள். மச்சாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

மிஸ் படத்தைப் பார்த்தார். மச்சாளைப் பார்த்தார். கதவு நிலையில் நின்ற என்னைப் பார்த்தார். என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா, கதிரையில இருந்தது ஆர்?”

“என்ர மருமகள்தான். இந்தா நிக்கிறா.”

“இருந்தது அவ. இதில இருக்கிறது இவ.” மிஸ்ஸின் விரல் என் பக்கம் நீண்டிருந்தது. “கண் இவட கண். வாய் இவட வாய். மேல் சொண்டைப் பாருங்க. மூக்குக்கூட இவடயதுதான், இடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சு. முன்னுக்கு இருக்கிறதைக் கீறுங்க எண்டு எத்தனை தரம் சொன்னன்? நீங்க நினைப்பில இருக்கிறதைக் கீறி வைச்சிருக்கீங்க.”

நான் ஓடிவந்து பார்த்தேன். மச்சாளின் சட்டை, மச்சாளின் பின்னல், வெயில் ஊடுருவிய மச்சாளின் காது. நடுவில் நான். கண்ணாடியில் பார்த்த அதே நான்.

“நான் அவளைப் பார்க்கவே இல்ல மிஸ்” என்றாள் அம்மா. “சத்தியமாப் பார்க்கல்ல.”

“பார்க்காம எப்படி வந்தது?”



மச்சாள்தான் முதலில் அழுதாள். “இவ்வளவு நாளும் கால் விறைக்க விறைக்க இருந்தது நான்! வந்தது இவளா? அப்ப என்னை என்னத்துக்கு மாமி இருத்தினீங்க?” நிலத்தில் காலை உதைத்தாள். அப்படி அவள் அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. உங்களிடம் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குள்ளே கோயில் கொட்டு அடித்தது. கதவு நிலையில் நின்று நின்று எரிந்ததற்கு அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்தக் கொட்டு அதிக நேரம் அடிக்கவில்லை. அம்மா சாயக் கத்தியை எடுத்தாள். மிஸ், “வேணாம் அக்கா, வைச்சிருங்க, நல்ல படம் இது” என்று கையைப் பிடித்தார். அம்மா கையை உதறினாள். நெற்றியில் தொடங்கிச் சுரண்டினாள். தோல் நிறத்தில் சுருள் சுருளாகச் சாயம் கழன்று கீழே விரித்திருந்த கடதாசியில் விழுந்தது. கண்கள் போயின. வாய் போயிற்று. சுரண்டும்போதும் அவள் முகத்தை அரைவாசி மறுபக்கம் திருப்பித்தான் வைத்திருந்தாள். பிறகு ரர்பன்ரைன் நனைத்த பழஞ்சீலையால் அழுத்தித் துடைத்தாள். சட்டைக்கு மேலே பின்னலுக்கு நடுவே ஒரு மண்நிறப் புகை மட்டும் மிஞ்சியது. அன்றும் எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

அதன்பிறகு அம்மா மச்சாளைக் கீறிய விதமே வேறு. ஒரு கோடு வைக்க முதல் ஒன்பது தரம் பார்ப்பாள். என் வாய் தூரிகையில் வந்துவிடுமோ என்ற பயத்தில், மச்சாளின் வாயை அவள் வாய்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் சாயத்தைத் தொடுவாள். நான் கதவு நிலையில் நிற்பதை விட்டுவிட்டேன். நிற்க முடியவில்லை. மண்டபத்தில் அந்தப் படத்தைப் பார்த்த சனம் மச்சாளைப் பார்த்துச் சிரித்தது, படத்தோடு கதைத்தது. வவுணதீவிலிருந்து வந்த அவளுடைய தாய், “என்ர பிள்ளை இப்பிடியா இருக்கா?” என்று வாயில் கையை வைத்தாள். பெரியம்மாகூட, “கோட்டு இல்லாமலும் நல்லாத்தான் இருக்கு” என்றாள். மிஸ் அம்மாவின் தோளைப் பிடித்து, “இப்ப நீங்க பழகிட்டீங்க அக்கா” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

படம் மச்சாள் வீட்டுக்குப் போயிற்று. பிறகு சண்டைக்குப் பயந்து ஓடிய ஓட்டங்களில் எந்த ஓட்டத்தில் அது தவறியது என்று மச்சாளுக்கே தெரியாது. ஒரு முறை பள்ளிக்கூட அகதி முகாமில் விட்டேன் என்பாள், ஒரு முறை வண்டிலிலேயே ஏற்றவில்லை என்பாள். மிஸ்ஸின் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போனது. சாயக் குழாய்களை அம்மா கடைசிவரை பிதுக்கி, பிறகு வாலைச் சுருட்டி, பிறகு வெட்டித் திறந்து வழித்து முடித்தாள். அதோடு சரி. என்னை ஒரு நாளும் கீறவில்லை. என் கலியாணத்தன்று, மணவறையில் ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா குசினியில் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனைக் கொண்டுபோனது காய்ச்சல். இன்றைக்கு எந்த மருத்துவிச்சியைக் கேட்டாலும் சொல்வாள். அன்றைக்கு நாலு பேர் வாய்க்கு வந்ததைச் சொல்ல, இருபது வயதுப் பெண் அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள், இறக்கவே இல்லை. இதெல்லாம் எனக்கு விளங்கி எவ்வளவோ காலம். விளங்கியதால் ஆறியதா என்றால், இல்லை.

இப்போது அம்மாவுக்குக் கண் போய்விட்டது. நரம்பு செத்துவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு கண் முழு இருட்டு. மற்றதில் பனிக்குள்ளால் பார்க்கிற மாதிரி ஏதோ கொஞ்சம். நான் இருக்கிறேன் பார்க்க. மச்சாளும் இருக்கிறாள். புருசன் போன பிறகு எங்களோடுதான். அம்மாவைக் குளிக்க வார்க்கிறதும் தலை வாரி இழுக்கிறதும் அவள்தான், கைராசிக்காரி. அம்மாவும் ஒன்றுக்குப் பத்தாக, மருமகள் மருமகள் என்பாள்.

போன மாதம் ஒரு பின்னேரம், கட்டிலில் சாய்ந்திருந்தவள் கால் அரவம் கேட்டுத் தலையைத் தூக்கினாள்.

“ஆரது? மருமகளா?”

“மகள்.”

தூக்கிய தலையை மறுபடி சாய்த்தாள். பிறகு, “கிட்ட வா. யன்னல் பக்கமா இரி” என்றாள்.

இருந்தேன். காய்ந்த கையால் தடவித் தடவி என் நாடியைக் கண்டுபிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தன் முகத்தையும் திருப்பி, அந்த நல்ல கண்ணை எனக்கு நேரே கொண்டுவந்தாள்.

“என்னம்மா?”

“கதைக்காத. இனி என்ர கண்ணில பலமில்ல மகள். ஒண்டும் செய்யாது. பார்க்கட்டும்.”

கண்ணைச் சுருக்கினாள். அகலத் திறந்தாள். மூச்சு என் முகத்தில் பட்டது.

“தலைப்பக்கம் வெள்ளையாத் தெரியுது. வெயிலா?”

“வெயில் இல்லம்மா. நரைச்சுப்போச்சு.”

“அப்பிடியா?” என்றாள். “நான் கறுப்பாத்தான் வைச்சிருந்தன்.” பெருவிரலால் என் புருவத்தை மெதுவாகத் தடவி, கன்ன எலும்பில் நிறுத்தினாள். “இது எனக்குத் தெரியாது. இது எப்ப வந்தது? சரி, மற்றப் பக்கத்தைக் காட்டு.”

காட்டினேன். அந்த நேரம் மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவேண்டாம் என்று கையைக் காட்டினேன்.